பிரிபடாத பாகம்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்னை மவுண்ட் ரோட்டிலுள்ள ஸ்பென்சர் பிளாசா மாலைப் பற்றித் தாங்கள் சென்ற மாதம் எழுதிய கட்டுரையை, "மால்கள் நம் மண்ணில் முளைத்தவை அல்ல, அவை வந்த வழியே போவதில் எனக்கு வருத்தமில்லை" என்று முடித்திருந்தீர்கள். அந்த வரி என்னை இரண்டு நாட்களாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

என் அப்பா பணி ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த சேமநிதிப் பணத்தில், ஜி.எஸ்.டி. சாலையை (கிராண்ட் சதர்ன் ட்ரங்க் ரோடு) ஒட்டி அப்போது கட்டிக்கொண்டிருந்த ஒரு மாலின் இரண்டாம் தளத்தில் 160 சதுர அடியில் ஒரு கடை வாங்கினார். முதல் மூன்று ஆண்டுகளுக்குக் கட்டியவர்களே மாதந்தோறும் உறுதி வாடகை தருவதாக ஒப்பந்தம் போட்டார்கள். 14 மாதங்கள் தந்தார்கள். திறந்த புதிதில், தீபாவளி சமயத்தில் எஸ்கலேட்டரில் ஏறுவதற்கே வரிசை நின்றது. பல்லாவரத்திலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். இன்று எங்கள் தளத்தில் இருக்கும் 46 கடைகளில் 5 மட்டுமே திறந்திருக்கின்றன. ஏசி நின்று நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. வாடகைக்கு ஆள் கிடைக்காததால் அப்பாவே காலை பத்து மணிக்குப் போய் ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்கு விளக்கேற்றி, பேனா, நோட்டுப் புத்தகம், கைக்கடிகார வார் விற்கிறார். சில நாட்கள் போனி ஆவதே இல்லை.

ஆன்லைன் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். நான்தான் ஏமாந்துவிட்டேன் என்று அப்பா சொல்கிறார். இதில் எது உண்மை என்று தாங்கள் விளக்க முடியுமா? விற்றுவிடலாம் என்றால் வாங்குவதற்கு ஆளில்லை.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, சேலையூர்)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஸ்பென்சர் பிளாசாவை நான் உள்ளே போய் வந்தவனாக மட்டுமே அறிந்திருந்தேன். 1990-களில் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் எழும்பூர் வந்து, அங்கிருந்து பேருந்தில் மவுண்ட் ரோட்டில் இறங்கி, எதுவும் வாங்காமல் அந்தக் குளிர்ச்சியில் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பிய இளைஞர்களில் நானும் ஒருவன். மூடிய ஷட்டருக்குப் பின்னால் ஒருவருடைய வாழ்நாள் சேமிப்பு இருக்கக்கூடும் என்பது அதை எழுதும்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆன்லைன் வணிகம் சிறிய கடைகளை, அதிலும் கைப்பேசி, துணி, செருப்பு விற்பவர்களைக் கடுமையாகப் பாதித்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் இந்த நகரத்தின் எல்லா மால்களும் ஒன்றுபோல் காலியாகியிருக்க வேண்டும். ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ 2010-இல் வந்தது. வேளச்சேரியில் ஃபீனிக்ஸ், வடபழனியில் விஜயா ஸ்டுடியோ இருந்த இடத்தில் ஃபோரம் விஜயா ஆகிய இரண்டும் 2013-இல் திறக்கப்பட்டன. அதே ஆண்டில்தான் அமேசானும் இந்தியாவில் விற்பனையைத் தொடங்கியது. திருமங்கலத்தில் வி.ஆர். சென்னை 2018-இல், எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் வந்துவிட்ட பிறகு திறக்கப்பட்டது. இவற்றில் ஞாயிற்றுக்கிழமை மாலை வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லை. ஆகவே உங்கள் அப்பாவின் மாலுக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாட்டை வேறிடத்தில் தேட வேண்டியிருக்கிறது. அது பத்திரத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

ஒரு மாலின் வரவு செலவுக் கணக்கு சாதாரணக் கடைத்தெருவின் கணக்கு அன்று. கூட்டத்தை இழுத்து வருகிற பெரிய கடைகளும் திரையரங்குகளும் சதுர அடிக்குக் குறைந்த வாடகையே தருகின்றன. அந்தக் கூட்டத்தை நம்பிப் பிழைக்கிற சிறிய கடைகள் சதுர அடிக்குப் பல மடங்கு கூடுதலாகத் தருகின்றன. ஓரிடத்தில் விட்டுக்கொடுத்து மற்றோரிடத்தில் ஈட்டுகிற இந்த ஏற்பாடு, கட்டடம் முழுவதும் ஒருவர் கையில் இருந்தால்தான் நடக்கும். அத்தகைய மால்களில் கடைகளை விற்பதில்லை, வாடகைக்கு மட்டுமே விடுகிறார்கள். ஒரு குறைந்தபட்சத் தொகை, அல்லது விற்பனையில் இத்தனை சதவீதம், இரண்டில் எது கூடுதலோ அதைத் தர வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதுவதும் வழக்கம். கடைக்காரருக்கு வியாபாரம் நடந்தால் உரிமையாளருக்கும் வரும்படி கூடும் என்பதால், கழிப்பறைத் தரை ஈரமாக இருப்பது வரைக்கும் அவர் கவலைப்பட்டாக வேண்டும்.

உங்கள் அப்பா வாங்கிய மாலைக் கட்டியவர்கள் இதற்கு நேர்மாறான வழியில் போயிருக்கிறார்கள். மனை வாங்கக் கட்டுநர்களுக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது என்பதால், கட்டடத்தைச் சிறு கடைகளாகக் கூறுபோட்டு, அஸ்திவாரம் எழும்பும்போதே விற்று, வாங்கியவர்களின் பணத்தையே முதலாகப் போட்டுக் கட்டுவது அந்த ஆண்டுகளில் பரவலாக நடந்தது. வேலை முடிவதற்குள் முதலும் லாபமும் கைக்கு வந்துவிடும். அதன்பிறகு கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றுதான். உறுதி வாடகை என்று தந்தார்களே, அது பெரும்பாலும் உங்கள் அப்பாவிடம் வாங்கிய விலையிலிருந்தே எடுத்துத் தரப்பட்டிருக்கும்.

விற்று முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். உங்கள் தளத்தில் 46 கடைகள் என்றால் ஏறக்குறைய 46 முதலாளிகள். ஒருவர் துபாயில் இருப்பார். ஒருவர் விலை ஏறட்டும் என்று பூட்டியே வைத்திருப்பார். ஒரே வரிசையில் மூன்று பேர் கைப்பேசி உறை விற்பவருக்கே வாடகைக்கு விட்டிருப்பார்கள். பெயர்பெற்ற ஒரு துணிக்கடை 4,000 சதுர அடி கேட்டு வந்தால், 160 சதுர அடி வீதம் 25 பேர் ஒன்றாகக் கையெழுத்திட வேண்டும். அவர்களில் ஒருவர் மறுத்தாலும் அந்தக் கடை வேறிடம் தேடிப் போய்விடும். பூட்டியிருக்கும் கடைக்காரர் பராமரிப்புக் கட்டணம் கட்டமாட்டார். அவர் கட்டாததை மற்றவர்கள் தலையில் ஏற்றினால் அவர்களில் நான்கு பேர் காலி செய்வார்கள். மையக் குளிர்சாதன இயந்திரத்தை 5 கடைகளுக்காக மட்டும் ஓட்டவும் முடியாது. இதில் முதலில் நிற்பது எஸ்கலேட்டர். புறநகர் மால் ஒன்றில், நின்றுபோன எஸ்கலேட்டரின் உயரமான படிகளில் ஒரு வயதான அம்மா கைப்பிடியைப் பற்றியபடி ஒவ்வொரு படியாக ஏறியதைப் பார்த்திருக்கிறேன். அவர் பாதியில் நின்று, மேலே என்ன இருக்கிறது என்று பேரனிடம் கேட்டுவிட்டு, இறங்கிப் போய்விட்டார். இரண்டாம் தளத்துக் கடைகள் அந்தப் படிகளில்தான் செத்துப்போகின்றன.

ஸ்பென்சர் பிளாசாவின் கதையும் இதனோடு சேர்ந்ததுதான். என் கட்டுரையில் அதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். பழைய ஸ்பென்சர் கட்டடம் 1980-களில் தீக்கிரையாகி, 1990-களின் தொடக்கத்தில் புதிய வளாகத்தின் முதல் கட்டம் திறந்தபோது, இந்தியாவின் மற்ற நகரங்களில் அப்படி ஒன்றைப் பார்ப்பது அரிது. ஆனால் அங்கேயும் கடைகள் தனித்தனி உரிமையாளர்களுக்கு விற்கப்பட்டிருந்தன. இரண்டு கிலோமீட்டர் தொலைவுக்குள் எக்ஸ்பிரஸ் அவென்யூ வந்தபோது, மொத்தக் கட்டடத்தையும் ஒரே மனதாகப் புதுப்பித்துப் போட்டியில் நிற்கக்கூடிய ஒருவர் அங்கே இருக்கவில்லை. காஷ்மீர் கம்பளி விற்பவர்களும் கைவினைப்பொருள் விற்பவர்களும் தத்தம் வாசலைத் துடைத்துக்கொண்டு இருந்தார்கள். வாசலைத்தானே அவர்களால் துடைக்க முடியும்?

உங்கள் பகுதிக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையின் ஓரமாகவே சரவணா ஸ்டோர்ஸ், போத்தீஸ், சென்னை சில்க்ஸ் என்று வரிசையாக வந்துவிட்டன. தி.நகர் ரங்கநாதன் தெருவுக்கு ரயிலேறிப் போய்க்கொண்டிருந்த குடும்பங்களை அவை தங்கள் வாசலிலேயே நிறுத்திக்கொண்டன. புடவையும் பாத்திரமும் மளிகையும் பல தளங்களில் கிடைக்கும் அந்தக் கடைகளும் ஒருவகை மால்தான். ஆனால் அங்கே முதலாளி ஒருவர், கல்லா ஒன்று. எவர்சில்வர் பாத்திரத்தில் குறைத்த லாபத்தைப் பட்டுப்புடவையில் எடுத்துக்கொள்ள அவரால் முடியும். ஆன்லைனைவிட இந்தக் கடைகளே உங்கள் அப்பாவின் தளத்துக்கு வர வேண்டிய குடும்பங்களை அதிகம் ஈர்த்திருக்கும்.

நம் மண்ணில் முளைத்தவை அல்ல என்று நான் எழுதியது வேறொரு வகையிலும் தவறு. மால் என்ற வடிவத்தை உருவாக்கியவருக்கே அது முளைத்த விதம் பிடிக்கவில்லை. விக்டர் க்ரூயன் வியன்னாவில் 1903-இல் பிறந்த கட்டடக் கலைஞர்; யூதர். நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றிய 1938-இல் தப்பி அமெரிக்கா சென்றவர். மினசோட்டா மாநிலத்தின் இடைனா என்ற புறநகரில், முழுவதும் கூரையிட்டுக் குளிரூட்டிய முதல் மாலான சவுத்டேலை அவர் 1956-இல் அமைத்தபோது, அதைச் சுற்றி வீடுகளும் பள்ளியும் மருத்துவமனையும் பூங்காவும் வரும், கார் இல்லாமல் நடந்தே வாழக்கூடிய ஓர் ஊர்நடுவாக அது இருக்கும் என்று நினைத்தார். சுற்றி வந்தவை கார் நிறுத்துமிடங்களே. தன் பெயரால் பெருகிய அந்தக் கட்டடங்களுக்குத் தான் பொறுப்பேற்க முடியாது என்று அவர் 1978-இல் வெளிப்படையாகவே பேசினார்.

ஒரே உரிமையாளர் இருந்துவிட்டால் மால் சாகாது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். ஒஹாயோ மாநிலத்தில், குதிரைப் பந்தய மைதானமாக இருந்த நிலத்தில் 1976-இல் திறக்கப்பட்ட ராண்டல் பார்க் மால், உலகின் மிகப் பெரிய மால்களுள் ஒன்றாகப் பேசப்பட்டது. சுற்றியிருந்த மக்கள் வேறு புறநகர்களுக்கு இடம்பெயர்ந்தார்கள். அங்கெல்லாம் புதிய மால்கள் எழும்பின. பெரிய கடைகள் ஒவ்வொன்றாக மூடின. 2009-இல் மாலையே மூடிவிட்டார்கள். பிறகு அது இடிக்கப்பட்டு, 2018-இல் அதே நிலத்தில் அமேசானின் கிடங்கு வந்தது. நம் புரசைவாக்கத்து அபிராமி மெகா மாலும் ஓடி ஓய்ந்த பிறகு இடிக்கப்பட்டது. நிலம் நூற்றுக்கணக்கானவர்களிடம் சிதறாமல் இருந்ததால் இவற்றுக்கு ஒரு முடிவு கிடைத்தது. நிலம் அடுத்த பயனுக்குப் போனது. உங்கள் மாலைப் போன்றவற்றுக்கு அந்த முடிவும் கிடைப்பதில்லை. அவை வாழவும் மாட்டாமல், இடிபடவும் மாட்டாமல், மெழுகுவர்த்தி அளவு வெளிச்சத்தில் ஆண்டுக்கணக்காக நிற்கின்றன.

அப்பா தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்வதை நான் ஏற்கவில்லை. வங்கி வட்டி குறைந்துகொண்டு வந்த காலத்தில், வாடகை வரும் சொத்து ஒன்றைத் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே வாங்குவது, மாதச் சம்பளத்தில் வாழ்ந்த ஒருவர் எடுக்கக்கூடிய நிதானமான முடிவு. விற்றவர்களின் பொறுப்பை வரையறுத்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இல்தான் வந்தது. அதற்கு முன் வாங்கியவர்களுக்குத் துண்டுப் பிரசுரத்தையும் மாதிரிக் கடையையும் நம்புவதைத் தவிர அதிக வழி இருக்கவில்லை. இதை அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

கடைக்கு வாங்க ஆளில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடைக்கு ஆளில்லை என்பது உண்மையாக இருக்கலாம். நிலத்துக்கு ஆளில்லை என்று சொல்ல முடியாது. பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியில், கடையோடு சேர்த்து மனையில் இத்தனை சதுர அடி பிரிபடாத பாகம், அதாவது தனியே அளந்து பிரிக்காத நிலப்பங்கு, என்று எழுதியிருப்பார்கள். 160 சதுர அடிக் கடைக்கு அது மிகச் சிறிய எண்ணாக இருக்கும். தனியாக விற்றால் ஒன்றுக்கும் ஆகாது. ஆனால் ஜி.எஸ்.டி. சாலையோர நிலத்தின் விலை அன்றைக்கு இருந்ததுபோல் இன்றைக்கு இல்லை. எல்லா உரிமையாளர்களும் சேர்ந்து மொத்த மனையையும் விற்கவோ மறுகட்டுமானத்துக்குத் தரவோ முன்வந்தால், அந்தச் சிறிய எண்ணுக்கு மதிப்பு வந்துவிடும். தமிழ்நாடு அடுக்ககங்கள் உரிமைச் சட்டம், 2022, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானத்துக்கு இடம் தருகிறது. கடைகள் மட்டுமே உள்ள உங்கள் வளாகத்துக்கு அது எவ்வாறு பொருந்தும் என்பதை, பத்திரத்தையும் கடை உரிமையாளர் சங்கம் இருந்தால் அதன் விதிகளையும் எடுத்துப்போய்ச் சொத்து வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் கேளுங்கள்.

அதற்கு முன் நீங்களே செய்யக்கூடியவை இரண்டு. பதிவுத்துறையின் இணையதளத்தில் அந்த மனையின் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்று எடுத்தால், அதில் பதிவான விற்பனைகள் தெரியவரும்; உரிமையாளர்கள் யார் யார் என்ற பட்டியலை அதிலிருந்து தொடங்கலாம். அடுத்து, கார் நிறுத்துமிடத்தையும் மொட்டை மாடியையும் கட்டியவர்கள் தங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டார்களா, அல்லது அவை உங்கள் பிரிபடாத பாகத்தில் அடங்கியிருக்கின்றனவா என்பதைப் பத்திரத்தில் பாருங்கள். அவர்கள் பெயரில் இருந்தால் பேச்சுவார்த்தையில் அவர்களும் ஒரு தரப்பாகிவிடுவார்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.