அசையாத மணிநேரங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதியோரின் நாள்பட்ட வலி பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் இயன்முறை மருத்துவத்தில் முதுகலை மாணவி. 65 வயதைக் கடந்த, முழங்கால் வலியோ இடுப்பு வலியோ பல ஆண்டுகளாக உள்ள 30 பேரின் அன்றாடத்தை ஆராய நினைக்கிறேன். ஆளுக்கொரு ஸ்மார்ட் வாட்ச் கொடுத்து இரண்டு வாரம் அணியச் சொல்வது திட்டம். நடை, தூக்கம், இதயத்துடிப்பு மூன்றும் கிடைத்துவிடும், அவற்றை வைத்தே வலி எப்போது கூடியது என்று கணித்துவிடலாம் என்கிறார் உடன் படிக்கும் நண்பர். நானோ, தினமும் இரவில் ஒருமுறை வலிக்கு மதிப்பெண் போட்டு நோட்டில் எழுதச் சொல்லலாம் என்றிருக்கிறேன். இது போதுமா? மறதி நோய் உள்ளவர்களைச் சேர்க்காமல் விட்டுவிடலாம் அல்லவா?

ச.

அன்புள்ள ச.,

இதயத்துடிப்பை வைத்து வலியைக் கணிக்கும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். திடீரென்று அடிபட்டால் துடிப்பு கூடும், உண்மைதான். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் வலியில் அந்த உறவு நம்பும்படி இருப்பதில்லை. படியேறினாலும் கூடும், கோபம் வந்தாலும் கூடும், காய்ச்சலிலும் கூடும். போதாததற்கு, உங்கள் 30 பேரில் சிலராவது பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களாக இருப்பார்கள்; அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயக் கோளாறு உள்ளவருக்குத் துடிப்புகளுக்கு நடுவிலான இடைவெளியே தாறுமாறாக இருக்கும். அந்த இடைவெளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து வாட்ச் போடும் மன அழுத்தக் கணக்குக்கு அவரிடம் பொருளே இல்லை. வாட்சின் அடியில் எரியும் பச்சை விளக்கு, தோலுக்கடியில் ரத்தத்தின் அளவு மாறுவதைத்தான் பார்க்கிறது. பட்டை தளர்ந்தாலும் கை சில்லிட்டாலும் கை ஆடினாலும் அது தடுமாறும். துடிப்பைப் பதிவதில் தவறில்லை, ஆனால் வலிக்குச் சாட்சியாக அதை நிறுத்தாதீர்கள். வலி எவ்வளவு என்பதை வலிப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

பிறகு கருவி எதற்கு? அந்த வலி அவருடைய நாளை என்ன செய்கிறது என்று பார்ப்பதற்கு. இங்கே கருவி பெரிய உதவி. ஆனால் அதன் பதிவில் படிக்கக் கடினமான பகுதி அசைவு இல்லாத நேரம், முதியவர்களின் நாளில் பெரும்பகுதியும் அதுதான்.

ஒரு பிற்பகலின் பதிவை எடுத்துக்கொள்வோம். 1:10 முதல் 3:05 வரை கோடு தட்டையாகக் கிடக்கிறது. அவர் தூங்கியிருக்கலாம். புரண்டால் இடுப்பில் சுரீரென்று பிடிக்கும் என்று, விழித்தபடியே அசையாமல் படுத்திருக்கலாம். வேலை முடித்த களைப்பில் நாற்காலியில் சாய்ந்திருக்கலாம். குளிக்கப் போகும்போது வாட்சைக் கழற்றி மேசையில் வைத்து மறந்துமிருக்கலாம். நான்குக்கும் கோடு ஏறக்குறைய ஒன்றுதான். வாட்சுடன் வரும் செயலி இதை ‘1 மணி 55 நிமிடத் தூக்கம்’ என்று காட்டிவிடவும் கூடும். அசையாமல் விழித்திருப்பவரைத் தூங்குகிறவராக எண்ணுவது, அசைவை வைத்துத் தூக்கத்தை அளக்கும் எல்லாக் கருவிகளுக்கும் உள்ள குறை. நல்ல தூக்கம் உள்ளவர்களிடம் இந்தப் பிழை சிறியது. வலியோடு இரவு முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் அது ஆய்வையே புரட்டிப்போடும். யார் மிக மோசமாகத் தூங்கினாரோ அவர் நன்றாகத் தூங்கியதாக உங்கள் அட்டவணை சொல்லும்.

இந்த நான்கையும் பிரிக்கத்தான் உங்கள் உழைப்பில் பாதி போக வேண்டும். கழற்றி வைத்ததைக் கண்டுபிடிக்கப் பரவலாகப் புழங்கும் விதி ஒன்று உண்டு: 60 நிமிடப் பொழுது ஒன்றில், மூன்று அச்சுகளில் குறைந்தது இரண்டில், முடுக்கத்தின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து சிதறும் அளவு) 13 மில்லி-ஜிக்குக் (ஒரு மில்லி-ஜி, புவியீர்ப்பு முடுக்கத்தில் ஆயிரத்தில் ஒன்று) கீழே இருந்து, வீச்சும் 50 மில்லி-ஜியைத் தாண்டாவிட்டால் கருவி உடலில் இல்லை என்று கொள்வது. ஆடாமல் அசையாமல் படுத்திருக்கும் முதியவரை இதே விதி ‘அணியவில்லை’ என்று நீக்கிவிட முடியும். அதனால் வெப்பநிலையும் பதியும் கருவியாகப் பாருங்கள். கழற்றிய கருவி சிறிது நேரத்தில் அறையின் சூட்டுக்கு இறங்கிவிடும். கையில் இருப்பது இறங்காது. தூக்கத்துக்குக் காலையில் சில கேள்விகள் போதும்: எப்போது படுத்தீர்கள், தூக்கம் வர எவ்வளவு நேரமாயிற்று, எத்தனை முறை விழித்தீர்கள், எழுப்பியது வலியா, சிறுநீரா, வேறெதுவுமா. அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். முதுமையில் இரவில் எழுவதற்கெல்லாம் வலியே காரணம் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தவறும்.

உட்கார்ந்திருப்பதையும் நிற்பதையும் மணிக்கட்டுக் கருவி சரியாகப் பிரிக்காது. அதற்குத் தொடையின் முன்பக்கம், இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில், அசைவை அளக்கும் ஒரு சிறிய முடுக்கமானி வேண்டும். நின்றால் தொடை செங்குத்து, உட்கார்ந்தால் கிடைமட்டம். கருவி அந்தச் சாய்வைப் பார்க்கிறது. முழங்கால் வலிக்காரர் ஒரு நாளில் எத்தனை முறை நாற்காலியை விட்டு எழுந்தார் என்பது அவர் எத்தனை அடி நடந்தார் என்பதைவிடப் பலவற்றைச் சொல்லும். உட்கார்ந்ததையும் படுத்ததையும் தொடைக் கருவி மட்டும் எளிதில் பிரிக்காது. மணிக்கட்டுப் பதிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

அடி எண்ணிக்கையில் இன்னொரு பொறி இருக்கிறது. நடைச் சட்டகத்தை (வாக்கர்) பிடித்து நடப்பவரின் கை வீசுவதில்லை. கை வீசாவிட்டால் மணிக்கட்டுக் கருவி பல அடிகளைத் தவறவிடும். மெதுவாக, காலை இழுத்து நடந்தாலும் அப்படியே. ஆக, அதிகம் சிரமப்படுகிறவருக்குத்தான் அதிகப் பிழை. முதல் நாளிலேயே ஒவ்வொருவரையும் அவர் வழக்கமாக நடக்கும் விதத்தில், அவருடைய ஊன்றுகோலோடே 50 அடி எடுத்துவைக்கச் சொல்லி நீங்கள் கண்ணால் எண்ணுங்கள். கருவி 31 என்று காட்டினால் அந்த ஆளுக்கு மணிக்கட்டு எண்ணிக்கையை நம்ப வேண்டாம். கணுக்காலிலோ தொடையிலோ கட்டி மறுபடி எண்ணிப் பாருங்கள். ஆளுக்குப் பத்து நிமிட வேலை இது.

கடையில் வாங்கும் வாட்சை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம், அது உள்ளே என்ன கணக்குப் போடுகிறது என்று தெரியாது, மூலத் தரவும் (கணக்குப் போடாத நேரடிப் பதிவு) பெரும்பாலும் கைக்கு வராது. ஆய்வின் நடுவில் மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொண்டால் முதல் வாரத் தூக்கமும் இரண்டாம் வாரத் தூக்கமும் வேறு வேறு அளவுகோல் ஆகிவிடும். மூன்று அச்சிலும் மூலப் பதிவைச் சேமித்துத் தரும் ஆய்வுக் கருவியை இரவல் வாங்க முயலுங்கள். பிரிட்டனின் யூகே பயோபேங்க் என்ற பெரிய உடல்நல ஆய்வில் 2013 முதல் 2015 வரை சுமார் ஒரு லட்சம் பேர் மணிக்கட்டில் ஏழு நாள் அணிந்த பதிவு மூலத் தரவாகவே சேமிக்கப்பட்டது. அதனால்தான் புதிய கணக்குமுறை வரும்போதெல்லாம் அதே பதிவைத் திரும்ப எடுத்து ஆராய முடிகிறது. அங்கே நொடிக்கு 100 முறை பதிந்தார்கள். இரண்டு வாரத்துக்கு உங்களுக்கு 50 முறை போதும். மனித அசைவின் பெரும்பகுதி 20 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 20 அதிர்வுக்கு, கீழேதான் இருக்கிறது. 100இல் ஓடவிட்டால் பல கருவிகளில் கடைசி நாட்களில் பேட்டரியோ நினைவகமோ காலை வாரிவிடும். நாள்தோறும் சார்ஜ் போட வேண்டிய எதையும் கொடுக்காதீர்கள். வலியுள்ள விரல்களால் சிறிய சார்ஜர் முனையைப் பொருத்துவது பெரும்பாடு, கழற்றியது திரும்பக் கைக்குப் போகாமலும் இருந்துவிடும்.

‘மிதமான உழைப்பு’ என்று நேரத்தைப் பிரிக்கும் வரம்புகளையும் கேள்வி கேட்காமல் எடுக்காதீர்கள். இன்றும் புழக்கத்தில் உள்ள நிமிடத்துக்கு 1952 கவுண்ட் (கருவி அசைவை எண்ணும் அலகு) என்ற வரம்பு 1998இல் வெளியானது. இளவயதினரை டிரெட்மில்லில் நடக்கவிட்டு, இடுப்பில் கட்டிய கருவியால் கண்டது. எண்பது வயதில் மூச்சு வாங்க வாசல்வரை நடப்பவரின் உழைப்பு அந்த வரம்பில் ‘லேசானது’ என்று விழும். ஒவ்வொருவரையும் அவருடைய சொந்தச் சராசரியோடு ஒப்பிடுவதே உங்கள் கேள்விக்குப் பொருத்தம்.

இனி நோட்டு. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஆர்தர் ஸ்டோன் குழுவினரின் ஆய்வு ஒன்று வந்தது. நாள்பட்ட வலியுள்ள 80 பேரில் ஒரு பகுதியினரிடம் காகித நாட்குறிப்பு கொடுத்தார்கள். அந்தக் கோப்பு எப்போது திறக்கப்பட்டது என்பதைப் பதியும் ஒளி உணரி உள்ளே இருந்தது. சொன்ன நேரத்தில் எழுதியதாக அவர்கள் காட்டியது 90 சதவீதம், உண்மையில் எழுதியது 11 சதவீதம். மின்னணு நாட்குறிப்பு வைத்திருந்தவர்களிடம் அது 94 சதவீதம். இதை ஏமாற்று என்று நான் கொள்ளவில்லை. விட்டுப்போனதைச் சேர்த்து நிரப்பிக் கொடுப்பதுதான் பொறுப்பு என்று நினைப்பவர்களும் அதைத்தான் செய்வார்கள். இரவில் ஒருமுறை கேட்பதிலும் சிக்கல் உண்டு. உச்சத்தில் வலி எவ்வளவு இருந்தது, கடைசியில் எப்படி இருந்தது என்ற இரண்டும்தான் நினைவில் தூக்கலாக நிற்கும் என்பதை 1996இலேயே ஆய்வாளர்கள் ரெடல்மையரும் கானமனும் குடல் நோக்கிப் பரிசோதனைக்கு (கொலோனோஸ்கோபி) வந்தவர்களிடம் காட்டினார்கள்.

ஆகவே நாளுக்கு நான்கு முறை, அந்தந்த நேரத்து வலியைக் கேளுங்கள். விழித்திருக்கும் நேரத்தை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முன்கூட்டியே தெரியாத ஒரு கணத்தில் போனில் கேள்வி வரட்டும். 0 முதல் 10 வரை இப்போது வலி எவ்வளவு, கடந்த இரண்டு மணி நேரத்தில் வலியால் ஏதாவது வேலையை விட்டீர்களா, மாத்திரை எடுத்தீர்களா. மூன்றே கேள்வி, ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். அதிர்வை மட்டும் நம்பாதீர்கள்: நரம்புப் பாதிப்பால் மரத்த கை அதை உணராது. ஒலியை மட்டும் நம்பினால் காது மந்தமானவர் விடுபடுவார். இரண்டும் சேர்ந்து வரட்டும். 30 பேர், 14 நாள், நான்கு முறை என்றால் 1,680 கேள்விகள். ஐந்தில் ஒன்று பதிலின்றிப் போனாலும் 1,344 மிஞ்சும், கணக்குக்கு அது தாராளம். கவலைப்பட வேண்டியது எண்ணிக்கைக்காக அல்ல. பதில் வராத நேரம் பெரும்பாலும் வலி மிகுந்த நேரமாக இருக்கலாம். அன்று மாலைக்குள் ஒரு தொலைபேசி அழைப்பில் காரணம் கேட்டு, ‘பின்னர் கேட்டது’ என்று தனி அடையாளத்தோடு பதியுங்கள். நேரடிப் பதிலோடு கலக்காதீர்கள்.

பதிலையும் அசைவையும் இணைக்கும் இடத்தில்தான் இத்தகைய பல ஆய்வுகள் சறுக்குகின்றன. கருவியின் கடிகாரமும் போனின் கடிகாரமும் மெல்ல விலகும். தொடக்கத்திலும் முடிவிலும் மணிக்கட்டுக் கருவியையும் தொடைக் கருவியையும் சேர்த்துப் பிடித்து மேசையில் ஐந்து முறை தட்டுங்கள், போனில் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரு பதிவிலும் ஐந்து கூர்முனைகள் தெரியும். அவற்றை வைத்து நேரத்தைப் பொருத்தலாம். அதன்பின் ஒவ்வொரு வலி மதிப்பெண்ணுக்கும் முந்தைய இரண்டு மணி நேரத்து அசைவையும் பிந்தைய இரண்டு மணி நேரத்து அசைவையும் தனித்தனியே எடுங்கள். அதிகம் நடந்ததால் வலி ஏறியிருக்கலாம், ஏறிய வலியால் பிறகு நடை குறைந்திருக்கலாம். நாள் முழுக்கச் சராசரி போட்டால் இந்த இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, வலிக்கும் நடைக்கும் தொடர்பே இல்லை என்று முடிவு வரும். வலி மறுநாள் ஏறுபவர்களும் உண்டு. அந்த இடைவெளியையும் தனியாகச் சோதியுங்கள். ஆளுக்கு ஆள் ஒப்பிடுவதையும் ஒரே ஆளின் நாட்களை ஒப்பிடுவதையும் கலக்கவே கூடாது. அதிகம் நடப்பவர்களுக்கு வலி குறைவு என்பதும், ஒருவர் வழக்கத்தைவிட அதிகம் நடந்த நாளில் அவருக்கு வலி கூடியது என்பதும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும்.

தோலைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. வயதான தோல் மெலிந்தது. ஸ்டீராய்டோ ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோ எடுப்பவருக்குத் தொடையில் ஒட்டும் பிளாஸ்திரி வேண்டாம். உரிக்கும்போது தோலும் வந்துவிடும். பை தைத்த மீள்பட்டையில் வைத்துக் கட்டுங்கள். ஒட்டத் தகுந்தவருக்கும் சில நாளுக்கொருமுறை இடம் மாற்றுங்கள், கால் மாறினால் தேதியோடு குறியுங்கள். மணிக்கட்டுக்கு, கொக்கி வைத்த வாரைவிட வெல்க்ரோ பட்டை நல்லது. ஒற்றைக் கையால் போட முடிகிறதா என்று உங்கள் முன்னாலேயே செய்துபார்க்கட்டும். டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (ரத்தநாள இணைப்பு) வைத்த கையில் எதையும் கட்டக் கூடாது. மாலையில் கை வீங்குபவருக்குக் காலையில் சரியாக இருந்த பட்டை இரவில் இறுக்கும்.

சம்மதம் வாங்கும்போது ஒன்றைச் சத்தமாக, இரண்டு தடவை சொல்லுங்கள்: இதை யாரும் நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, விழுந்தால் இது யாரையும் அழைக்காது. கையில் கருவி இருக்கும்போது யாரோ கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணம் தானாக வரும். அந்த நம்பிக்கையில் ஒருவர் தரையில் காத்துக் கிடந்துவிடக் கூடாது. பிள்ளைகள் பதிவைக் கேட்டால் கொடுப்பதா என்பதையும் முதியவரிடமே கேட்டு எழுதிவையுங்கள். இருப்பிடப் பதிவு உங்கள் கேள்விக்குத் தேவையில்லை, அணைத்துவிடுங்கள்.

மறதி நோய் உள்ளவர்களை ஒட்டுமொத்தமாக விடாதீர்கள். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய விளக்கக் குறிப்பு, சொல்ல முடியாமை வலி இல்லாமை ஆகாது என்று தெளிவாகச் சொல்கிறது. நோய் தொடக்க நிலையில் உள்ள பலர் ‘இப்போது வலிக்கிறதா’ என்ற நேர்க்கேள்விக்கு நம்பத் தகுந்த பதில் தருவார்கள். நேற்றைப் பற்றிக் கேட்டால்தான் தடுமாறுவார்கள். அந்த வகையில் உங்கள் பழைய திட்டத்தைவிட இந்த முறை அவர்களுக்கு ஏற்றது. எண் பிடிபடாவிட்டால் ‘இல்லை, கொஞ்சம், நிறைய’ என்று மூன்றாக்கிக் கேளுங்கள். பேச்சு நின்றுவிட்டவர்களுக்குப் பெயினாட் அளவுகோல் இருக்கிறது: மூச்சு, முனகல், முகம், உடல் நிலை, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை போட்டு, மொத்தம் 10. அதை அவர் படுத்திருக்கும்போது மட்டும் பார்த்தால் வலி ஒளிந்துகொள்ளும். உடை மாற்றும்போதும் எழுப்பி உட்கார வைக்கும்போதும், அவரைக் கவனித்துக்கொள்பவர் பார்த்துப் போட வேண்டும். எந்த நேரத்தில் போட்டார் என்பதை நிமிடத்தோடு குறிக்க வேண்டும். சம்மதம் சட்டப்படி பொறுப்பானவரிடம் வாங்கினாலும், முதியவர் பட்டையைத் திரும்பத் திரும்பப் பிடுங்கினால் அதை மறுப்பாக எடுத்துக்கொண்டு கழற்றிவிடுங்கள். இவர்களின் எண்களை மற்றவர்களின் எண்களோடு ஒரே பத்தியில் சேர்க்காமல் தனி அட்டவணையில் வையுங்கள். 30 பேரில் ஐந்தாறு இடம் இவர்களுக்கு ஒதுக்க முடியுமா என்று உங்கள் வழிகாட்டியிடம் இப்போதே பேசுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்தபின் சேர்ப்பதென்றால் விண்ணப்பத்தை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.