சூரிய மின்சாரம்: 5 கிலோவாட் வேண்டாம், இரண்டே போதும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பாளையங்கோட்டையில் சொந்த வீடு. மகன், மருமகள், பேரப்பிள்ளைகளுடன் இருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு 860 யூனிட் ஓடுகிறது. 5,400 ரூபாய் கட்டுகிறோம். மொட்டை மாடியில் 5 கிலோவாட் சூரிய மின்சாரம் போட்டால் பில்லே வராது என்கிறார் ஒரு விற்பனையாளர். விலை 3.25 லட்சம், மானியம் 78,000 ரூபாயாம். வங்கியில் 4 லட்சம் ரூபாய் டெபாசிட் இருக்கிறது. அதை முறித்துப் போடலாமா? மின் இணைப்பு இன்னும் மறைந்த என் கணவர் பெயரில்தான் உள்ளது. பணம் மிச்சமாவது ஒருபுறம் இருக்க, நிலக்கரி எரிக்காத மின்சாரம் நம் வீட்டில் ஓட வேண்டும் என்ற ஆசையும் உண்டு.

பதில்: உங்கள் ஆசை நல்ல ஆசை. அதற்காக டெபாசிட்டை முறிக்க வேண்டியதில்லை; 5 கிலோவாட்டும் வேண்டியதில்லை. காரணம் உங்கள் மின் கட்டண அட்டவணையிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் மாறிய கட்டணப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் நிற்பவர்களுக்கு அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, அதற்கு மேல் 6.30. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் அந்த 2.35 ரூபாய் சலுகை பறிபோய், 101 முதல் 400 வரை எல்லாமே 4.70 ஆகிவிடும். 500 யூனிட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்! அதற்குப் பிறகு 600 வரை 8.40, 800 வரை 9.45, ஆயிரம் வரை 10.50 என்று ஏறிக்கொண்டே போகும். அதாவது நீங்கள் கடைசியாகச் செலவழிக்கும் 60 யூனிட்டுக்குத்தான் யூனிட்டுக்குப் பத்தரை ரூபாய் கொடுக்கிறீர்கள். குறைக்கத் தொடங்கினால் முதலில் குறைவது இந்த விலை உயர்ந்த யூனிட்டுகள்தான்.

ஆகவே மொட்டை மாடிக்கு ஏறும் முன் வீட்டுக்குள் பாருங்கள். பழைய மின்விசிறி சுமார் 75 வாட் எடுக்கும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. என்ற வகை மோட்டார் பொருத்திய விசிறிக்கு 30 வாட் போதும். நாளுக்கு 14 மணி நேரம் ஓடும் ஒரு விசிறியை மாற்றினால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 38 யூனிட் மிச்சம். கூட்டுக் குடும்பத்தில் அப்படி ஓடும் விசிறி நான்காவது இருக்கும். நான்கையும் மாற்றினால் 150 யூனிட். ஒன்று 3,000 ரூபாய் என்றாலும் 12,000 ரூபாய்தான் செலவு. பில் 860 யூனிட்டிலிருந்து 710 யூனிட்டுக்கு இறங்கும்போது ஒவ்வொரு முறையும் சுமார் 1,480 ரூபாய் குறையும். போட்ட பணம் ஒன்றரை வருடத்துக்குள் திரும்பிவிடுகிறது. இவ்வளவு வருமானம் தரும் டெபாசிட் எந்த வங்கியிலும் கிடையாது.

ஏ.சி.யை 20 டிகிரியில் வைக்காமல் 24 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் ஓட விடுங்கள். 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் அரை மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். இவற்றில் இன்னும் 60 யூனிட் குறைத்துவிடலாம். ஆக 650 யூனிட்.

இப்போது சூரிய மின்சாரத்துக்கு வருவோம். நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும், கோடையில் கூடும். 2 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். நீங்கள் எடுக்கும் மின்சாரத்திலிருந்து மாடியில் விளைந்து வெளியே போகும் மின்சாரத்தைக் கழித்துக் காட்டும் நெட் மீட்டரில் அது கழிந்தால் நீங்கள் கணக்குக் கொடுக்க வேண்டியது 170 யூனிட்டுக்கு மட்டும். பில் 165 ரூபாய்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய் மானியம். மூன்றாவதுக்கு 18,000 ரூபாய் மட்டுமே. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் 78,000 ரூபாய்தான் உச்சவரம்பு. உங்கள் விற்பனையாளர் சொல்லும் ஐந்தில் கடைசி இரண்டுக்கு ஒரு பைசாகூட மானியம் கிடையாது. 2 கிலோவாட்டுக்கு 1.40 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மானியம் போக 80,000 ரூபாய்.

விசிறிகளையும் சேர்த்து 92,000 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 31,400 ரூபாய் மிச்சம். 2.47 லட்சம் போட்டு 5 கிலோவாட் வைத்து பில்லைச் சுழியமாக்கினாலும் மிச்சம் 32,400 ரூபாய்தான். கூடுதல் ஒன்றரை லட்சத்துக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்! மிஞ்சும் யூனிட் அடுத்த பில்லுக்குப் போகும் என்றாலும் அதை எடுக்க உங்கள் வீட்டில் தேவை இருக்க வேண்டுமே. மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டிய மற்ற கட்டணங்களை நான் இதில் சேர்க்கவில்லை. விலைப்புள்ளியில் அவற்றைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். வருங்காலத்தில் மின் ஸ்கூட்டர் வாங்கும் எண்ணம் இருந்தால், பின்னால் பேனல் சேர்க்கும்படியான இன்வெர்ட்டரை (பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) கேட்டு வாங்குங்கள்.

இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டே ஓடும் வீட்டார் இதைப் படித்துவிட்டு அவசரப்பட வேண்டாம். அவர்கள் பில் 705 ரூபாய்தான். அவர்களுக்கு விசிறி மாற்றுவதே போதுமானது.

பணத்துக்கு என்ன செய்வது? மானியம் வேலை முடிந்த பிறகே கணக்கில் ஏறும். முதலில் முழுத் தொகையும் வேண்டும். இந்தத் திட்டத்துக்கென்றே பொதுத்துறை வங்கிகள் ஈடு கேட்காமல் கடன் தருகின்றன. வட்டி, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ விகிதத்தை ஒட்டியது. அந்தக் கடனை வாங்கி, மானியம் வந்ததும் அதை அப்படியே கடனில் கட்டிவிடுங்கள். மீதி 80,000 ரூபாய்க்கு 7 சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தவணை மாதம் 1,584 ரூபாய். பேனல் மிச்சப்படுத்தும் தொகையே மாதம் 1,594 ரூபாய் வருகிறது. உங்கள் வயதில் 4 லட்சம் டெபாசிட் மருத்துவமனைச் செலவுக்கான அரண். அதில் கை வைக்காதீர்கள்.

இன்னொன்றையும் விற்பனையாளர்கள் சொல்ல மாட்டார்கள். பேட்டரி இல்லாத இந்த அமைப்பு மின்தடையின்போது வேலை செய்யாது. கம்பியில் வேலை பார்க்கும் ஊழியரின் உயிரைக் காக்க அது தானாக நின்றுவிடும்படி வைத்திருக்கிறார்கள்.

நிலக்கரியைப் பற்றிச் சொன்னீர்கள். பேனல் பகலில்தான் உழைக்கும். இரவில் உங்கள் வீட்டு விசிறிக்கு வரும் மின்சாரத்தில் தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் பங்கும் இருக்கும். அதனால் இரவில் குறைக்கும் ஒவ்வொரு யூனிட்டும் நிலக்கரியைக் குறைக்க உதவுகிறது. தண்ணீர் மோட்டாரையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் காலை பத்து மணிக்கு மேல் ஓட விடுங்கள். பில்லில் வித்தியாசம் தெரியாது. ஆனால் மாடியில் விளையும் மின்சாரம் அங்கேயே செலவாகும்.

பெயர் மாற்றம்தான் முதல் வேலை. மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் விண்ணப்பமும் மானியமும். கணவரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது ஆகியவற்றுடன் உங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். அது முடியும் வரை எந்த விற்பனையாளருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.