பானெட்டுக்குள் பளபளப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மழை நின்று வெயில் தலைகாட்டியதும் எல்லோருக்கும் பானெட்டைத் திறந்து பார்க்கத் தோன்றியிருக்கிறது போல. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இன்ஜின் பகுதியைச் சுத்தம் செய்வது பற்றித்தான். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். திட்டி எழுதியவர்களின் கடிதங்களிலும் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஐந்து வருடப் பெட்ரோல் கார். இன்ஜின் பக்கம் துணிகூட வைத்ததில்லை. வீட்டிலேயே சுத்தம் செய்யலாமா? என்னென்ன வாங்க வேண்டும்? (தாம்பரம்)

பதில்: தாராளமாகச் செய்யலாம். மைக்ரோஃபைபர் துணி இரண்டு மூன்று, ஒரு இஞ்ச் பெயிண்ட் பிரஷ், பழைய டூத் பிரஷ், ஒரு ஸ்ப்ரே பாட்டில், கார் ஷாம்பு அல்லது ஆல் பர்ப்பஸ் கிளீனர் சின்ன பாட்டில், நாலு பாலிதீன் கவர். அவ்வளவுதான். பெயிண்ட் பிரஷ்ஷின் தகரப் பட்டையைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். அந்தத் தகரம் பேட்டரி முனையில் பட்டால் பொறி பறக்கும்.

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்பே ஆரம்பியுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது கிளீனர் அடித்தால் அது அங்கேயே காய்ந்து கறையாகிவிடும். கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல்கூட விழலாம். உங்கள் கை வெந்துபோவது தனிக்கதை.

முதலில் ஈரமே இல்லாத வேலை. கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் இடத்தில் வேப்பிலையும் பூவும் சருகும் குவிந்திருக்கும். கையால் அள்ளி எடுங்கள். அங்கே மழைத் தண்ணீர் இறங்குவதற்கு ஓட்டைகள் உண்டு. அவை அடைத்துக்கொண்டால் அடுத்த மழையில் உங்கள் கால்மிதி நனையும். உண்மையில் இந்த ஒரு வேலைக்காகவே பானெட்டைத் திறக்கலாம்.

அப்புறம் ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது), ஃபியூஸ் பாக்ஸ், இன்ஜின் கம்ப்யூட்டர், காற்று உள்ளே போகும் குழாயின் வாய், இக்னிஷன் காயில்கள் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருபவை) ஆகியவற்றைக் கவர் போட்டு மூடுங்கள். கிளீனரை பாட்டிலில் எழுதியிருக்கும் அளவுக்குத் தண்ணீர் கலந்து, பிரஷ்ஷிலோ துணியிலோ அடித்துத் தேயுங்கள். நேராக இன்ஜின் மேல் பீய்ச்ச வேண்டாம். காய விடாமல், பிழிந்த ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். பிறகு உலர்ந்த துணி. கவர்களைக் கழற்றிவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்தபடியே பத்துப் பதினைந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டால் மிச்ச ஈரமும் போய்விடும். கவரைக் கழற்றாமல் ஸ்டார்ட் செய்து, அது பெல்ட்டில் சிக்கிக்கொண்டது என்று எனக்கு எழுதாதீர்கள்.

கேள்வி: தள்ளுபடியில் பிரஷர் வாஷர் வாங்கினேன். 120 பார் என்று போட்டிருக்கிறது. இன்ஜினுக்கு அடிக்கலாமா? (மதுரை)

பதில்: கூடாது. வாசலைக் கழுவுங்கள். நானும் இப்படி ஒன்றை வாங்கி, மொட்டைமாடிப் பாசிக்குத்தான் பயன்படுத்துகிறேன்.

கேள்வி: தெருமுனையில் ஒரு கடையில் வாட்டர் வாஷ் விட்டேன். கேட்காமலேயே பானெட்டைத் திறந்து பிரஷரில் அடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியிலேயே வண்டி திணறியது, இன்ஜின் லைட் மினுக்கியது. மெக்கானிக் இரண்டு இக்னிஷன் காயில் மாற்றினார், ரூ.6,800. கடைக்காரர் 'ஏற்கெனவே கோளாறாக இருந்திருக்கும்' என்கிறார். பில்லும் தரவில்லை. சுவரில் 'இன்ஜின் வாஷ், உரிமையாளர் பொறுப்பு' என்று எழுதியிருக்கிறது. (சேலம்)

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. நடந்தது இதுதான்: ஸ்பார்க் பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் தண்ணீர் இறங்கித் தேங்கியிருக்கிறது. காயிலிலிருந்து வரும் உயர் மின்னழுத்தம் பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியே ஓடிவிடுகிறது. அந்த சிலிண்டரில் பெட்ரோல் எரியாது, வண்டி மிஸ் அடிக்கும். விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால் ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும். எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட் வழியாகப் போய் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அதன் விலைக்கு முன்னால் காயில் செலவு ஒன்றுமே இல்லை.

இனி பணத்துக்கு வருவோம். யுபிஐயில் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவே அன்றைக்கு அந்தக் கடைக்குப் போனதற்குச் சாட்சி. மெக்கானிக்கிடம் 'பிளக் குழியில் தண்ணீர் இருந்தது' என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பழைய காயில்களைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பிறகு கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: தேதி, நடந்தது, செலவான தொகை, பதினைந்து நாள் அவகாசம். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அந்த வேலைக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே புகாருக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். சம்பவம் நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே ஒரு முறையற்ற வணிகச் செயல். சுவரில் நாலு வார்த்தை எழுதிவிட்டதால் கேட்காமல் செய்த வேலைக்கான பொறுப்பு போய்விடாது. கடைக்காரர் அந்தச் சுவரைக் காட்டினால் அதையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

கேள்வி: அப்பா காலத்திலிருந்து மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, மேலே லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவுவோம். இப்போது புது கார். அதற்கும் செய்யலாமா? (காரைக்குடி)

பதில்: அப்பா வைத்திருந்தது அம்பாசடராக இருக்கும். அதன் பானெட்டுக்குள் இரும்பும் காலி இடமும்தான் அதிகம். இன்றைய இன்ஜினில் திரும்பிய இடமெல்லாம் பிளாஸ்டிக், ரப்பர் ஹோஸ், சென்சார் கனெக்டர். மண்ணெண்ணெய் ரப்பரை உப்ப வைத்து இளக்கிவிடும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு. தேங்காய் எண்ணெயில் தூசி அப்பும், எலியும் வரும். தோசைக்கல்லுக்கு ஊற்றுங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் கார் பார்த்தேன். எட்டு வருட வண்டி, ஆனால் இன்ஜின் ஷோரூமில் பார்ப்பது போல மின்னுகிறது. 'ஒரே ஓனர், டாக்டர் வண்டி' என்கிறார் தரகர். நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா? (வேளச்சேரி)

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

எட்டு வருடம் ஓடிய வண்டியின் இன்ஜினில் தூசி இருக்க வேண்டும். அந்தத் தூசிதான் வண்டியின் மருத்துவ அறிக்கை. வால்வ் கவர் கேஸ்கெட்டில் (இன்ஜின் மேல்மூடியின் சீல்) ஆயில் கசிந்தால், கசிந்த இடத்தில் தூசி ஒட்டிக் கறுப்பாகத் தடம் தெரியும். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிந்து காய்ந்தால் பச்சையிலோ இளஞ்சிவப்பிலோ உப்புப் போலப் படியும். கழுவி, பாலிஷ் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினால் இதெல்லாம் அழிந்துவிடும். சிலிகான் டிரஸ்ஸிங் (மேலே தடவி மினுங்க வைக்கும் பூச்சு) ஒரு பாட்டில், ஒரு மணி நேர வேலை, வண்டி விலை கூடிவிடுகிறது. வாங்குகிறவரும் மயங்கிவிடுகிறார். வீடு வாங்கும்போது புதுப் பெயிண்டைப் பார்த்துச் சந்தேகப்படுகிற அதே ஆள், இங்கே பல்லைக் காட்டிக்கொண்டு டோக்கன் பணம் கொடுக்கிறார்!

இன்ஜின் பகுதியைச் சுத்தம் செய்வது கண்ணுக்குத் தெரிய வேண்டியது தெரிவதற்காக. உங்கள் சொந்த வண்டியைத் துடைத்து வைத்தால் புதிதாக ஒரு சொட்டு கசிந்தாலும் மறுநாளே பார்த்துவிடுவீர்கள். விற்பனைக்கு முந்தைய நாள் துடைப்பவருடைய நோக்கம் அதற்கு நேர்மாறு. இந்த டிரஸ்ஸிங் வியாபாரமே வாங்குபவரின் கண்ணைக் கட்டுவதற்குத்தான் பெரும்பாலும் உதவுகிறது என்பது என் கருத்து. கோபித்துக்கொள்கிற டீட்டெய்லிங் கடைக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: போவதற்கு முன்பே போனில் 'இன்ஜினைக் கழுவ வேண்டாம், ஸ்டார்ட் செய்தும் வைக்க வேண்டாம்' என்று சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆவதற்கு மக்கர் செய்கிற வண்டியாக இருக்கலாம், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். மோர் போலக் கலங்கிய படிவு இருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பொருள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, அடியில் செய்தித்தாள் விரித்து நிறுத்துங்கள். கழுவி மறைத்த கசிவு அதற்குள் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிடும்.

நீங்கள் எழுதுவது வேளச்சேரியிலிருந்து என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் உங்கள் பகுதியில் முங்கிய கார்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியை இன்ஜின் பளபளப்பை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஃபியூஸ் பாக்ஸின் பின்பக்கம், ஹெட்லைட் உள்ளே, சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளம், ஸ்டெப்னி வைக்கும் குழி, இங்கெல்லாம் வண்டல் படிந்திருக்கிறதா, துரு இருக்கிறதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து முகர்ந்து பாருங்கள். பழைய இன்சூரன்ஸ் காகிதங்களைக் கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். டாக்டர் வண்டியாக இருந்தாலும் சரி.

கேள்வி: இன்ஜின் லாக்கர் ஸ்ப்ரே (பளபளப்புக்காக அடிக்கும் வார்னிஷ் போன்ற பூச்சு), மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போனில் பார்த்து வாங்கிவிட்டேன். அடித்த மறுநாள் புகையும் நாற்றமும். டப்பாவில் கம்பெனி பெயர்கூட இல்லை. (திருப்பூர்)

பதில்: கம்பெனி பெயர் இல்லாத டப்பாவை எதற்குப் பிரித்தீர்கள்? பொட்டலப் பொருள் என்றால் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர் முகவரி, அளவு, மாதம் வருடம், அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். இது 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதி. எதுவும் இல்லாத டப்பா வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவது உங்கள் வேலை. என்னிடமும் ஒரு லாக்கர் டப்பா இருந்தது. அடித்த பகுதி ஒரு கோடையில் மஞ்சளாகிப் பிசுபிசுத்துவிட்டது, சுரண்டித்தான் எடுத்தேன். ஆனால் அந்த டப்பாவில் பெயர் இருந்தது!

சரி, இப்போது செய்ய வேண்டியது: எக்ஸாஸ்ட் பக்கத்தில் பட்டிருந்தால் புகையும் நாற்றமும் நிற்கும் வரை வண்டியை நீண்ட தூரம் எடுக்காதீர்கள். பெல்ட்டில் பட்டிருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பிரிக்காத டப்பாக்களைப் படம் எடுத்து, விற்ற தளத்துக்குப் புகார் அனுப்புங்கள். குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள்ளோ, கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளோ திரும்பப் பெற மறுப்பதும் சட்டப்படி தவறு.

கேள்வி: பேட்டரி முனையில் வெள்ளையும் நீலமுமாகப் பூத்திருக்கிறது. கடையில் 'டெர்மினல் கிட்' ரூ.900 என்றார்கள். (நாகர்கோவில்)

பதில்: ஆப்ப சோடா, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய டூத் பிரஷ். முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். தேய்த்து, துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் முனையில் வாசலின் பூசுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பொடி கண்ணில் படக் கூடாது.

கேள்வி: ஹைபிரிட் கார். இதே முறையில் சுத்தம் செய்யலாமா? (கோவை)

பதில்: ஆரஞ்சு நிற வயர் உயர் மின்னழுத்த வயர். அதன் பக்கம் தண்ணீரும் வேண்டாம், கையும் வேண்டாம். மற்ற இடங்களுக்கு உலர்ந்த துணி போதும்.

கேள்வி: துடைத்தபின் கறுப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளைத் திட்டு விழுகிறது. (பல்லடம்)

பதில்: போர் தண்ணீர். கடைசித் துடைப்புக்கு மட்டும் கேன் தண்ணீர் எடுங்கள். பளபளப்பு வேண்டுமென்றால் தண்ணீர் அடிப்படையிலான டிரஸ்ஸிங், துணியில் எடுத்து, பிளாஸ்டிக்குக்கு மட்டும். பெல்ட் பக்கம் போனால் கீச்சிடும்.

கேள்வி: எலி வயரைக் கடிக்கிறது. அல்ட்ராசோனிக் கருவி வாங்கலாமா? (தஞ்சாவூர்)

பதில்: நீல விளக்கு எரியும், உங்களுக்கு மனநிம்மதி கிடைக்கும். நான் வாங்கிய கருவிக்குப் பக்கத்திலேயே எலி பஞ்சைக் கொண்டுவந்து மெத்தை போட்டிருந்தது. வண்டிக்குள் முறுக்குத் தூள் கிடக்கக் கூடாது, இருட்டு மூலையில் நாள்கணக்கில் நிறுத்தக் கூடாது, வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டும். எலி கடித்தால் உங்கள் பாலிசி தருமா என்று இன்சூரன்ஸ் கம்பெனியிடம் மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள், வாய்ச்சொல் வேண்டாம்.

கேள்வி: சர்வீஸ் பில்லில் 'இன்ஜின் டிரஸ்ஸிங்' ரூ.1,400, அதற்கு மேல் ஜிஎஸ்டி. நான் கேட்கவே இல்லை. 'ஜாப் கார்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே' என்கிறார்கள். (திருச்சி)

பதில்: படித்துவிட்டா போட்டீர்கள்? இல்லையென்று எனக்குத் தெரியும். உங்கள் கையெழுத்துக்குப் பிறகு அந்த வரி சேர்க்கப்பட்டிருந்தால் உங்கள் பிரதியில் இருக்காது, அதை நீட்டிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பிரதியிலும் இருந்தால் இந்த முறை கட்டியதுதான். அடுத்த சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் உங்கள் கைப்பட 'சொல்லாத வேலை எதுவும் செய்யக் கூடாது' என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டு, அங்கேயே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.