முதியோர் பராமரிப்பு வேலைக்குப் படிப்பவர்கள் ரோபோக்களைப் பார்த்துப் பயப்படுகிறார்களா?

சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் நர்சிங் முடித்துவிட்டு, ஜப்பானில் முதியோர் இல்ல வேலைக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளைகள். 'ரோபோ வந்தா எங்க வேலை போயிடுமா?' என்று இவர்களில் யாரும் கேட்டதில்லை. 2040-இல் 2022-ஐ விட 5.7 லட்சம் பராமரிப்பாளர்கள் கூடுதலாகத் தேவைப்படுவார்கள் என்று அந்நாட்டு அரசே கணக்குப் போட்டிருக்கிறது. பிறகு எதற்குக் கேட்கப்போகிறார்கள்?

புதிதாகச் சேர்பவர்கள் என்னிடம் காட்டும் வீடியோ பெரும்பாலும் ஒன்றுதான். கரடி முகம் வைத்த 'ரோபேர்' என்ற ரோபோ, படுக்கையில் இருப்பவரை அப்படியே அள்ளித் தூக்கும். 2015-இல் ரிக்கென் ஆய்வு நிறுவனம் காட்டியது, எடை 140 கிலோ. அது விற்பனைக்கே வரவில்லை என்றதும் முகம் சுருங்கிவிடும். நிஜமாகப் புழக்கத்தில் இருப்பவை ரோபோ மாதிரியே இருக்காது. மெத்தைக்கு அடியில் கிடந்து மூச்சையும் நாடித்துடிப்பையும் கவனிக்கும் சென்சார், அடிவயிற்றில் வைத்தால் சிறுநீர்ப்பை நிரம்புவதைச் சொல்லும் சின்னக் கருவி, ஆளைத் தாங்கி எழுப்பும் லிஃப்ட், இப்படித்தான்.

லிஃப்ட் என்றால் பெரும்பாலோருக்குப் பிடிக்கும். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றுவதை ஒருவரை ஒருவர் வைத்துப் பழகும்போது, படுத்திருப்பவள் உடம்பைத் தொளதொளவென்று விட்டுவிட்டால் ஒல்லிப் பெண்ணையே இரண்டு பேரால் அசைக்க முடியாது. கூடியவரை ஆளைக் கையால் தூக்கக் கூடாது என்று ஜப்பானிய அரசின் முதுகுவலி வழிகாட்டுதலே 2013 முதல் சொல்கிறது. விழுப்புரம் பக்கத்துப் பெண் ஒருத்தி, "எங்க பாட்டியைத் தூக்கித் தூக்கி அம்மாவுக்கு இடுப்பே போச்சு மேடம், இது என்ன விலை?" என்றாள். நான் கவனித்தவரை, வீட்டில் ஒருவரை வைத்துப் பார்த்தவர்கள் மெஷினை உடனே ஏற்றுக்கொள்கிறார்கள். 'மனுஷக் கை மாதிரி வருமா' என்று உருகுகிறவர்கள் பெரும்பாலும் இன்னும் யாருக்கும் மலம் துடைத்துவிடாதவர்கள்.

பாரோ விஷயத்தில்தான் வகுப்பில் சண்டை வரும். மறதி நோய் உள்ளவர்களிடம் ஆறுதலுக்காகக் கொடுக்கும் சீல் குட்டி ரோபோ பொம்மை அது. 2005 முதல் விற்பனையில் இருக்கிறது. தடவிக்கொடுத்தால் முனகும், தலையைத் திருப்பிப் பார்க்கும். "பெத்த பிள்ளை வந்து பாக்காம, பொம்மையக் குடுத்து ஏமாத்துறதா?" என்று ஒரு கட்சி. இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த பையன் மட்டும், "சாயங்காலம் ஆனா வீட்டுக்குப் போறேன்னு கதவைத் தட்டிக்கிட்டே இருப்பாங்க. கையில எதையாவது குடுத்தா கொஞ்சம் அடங்குவாங்க" என்றான். நான் அவன் கட்சி. ஆனால் பொம்மையைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருக்கும் இல்லங்களும் இருக்கும் என்பதையும் மறுக்க மாட்டேன்.

இவர்களுக்குக் கவலை என்று ஒன்று இருந்தால், அது ஆள் எண்ணிக்கை பற்றியது. அங்கே 3 முதியவருக்கு 1 ஊழியர் என்பது அடிப்படைக் கணக்கு. சென்சார் போன்றவற்றை நன்றாகப் பயன்படுத்தும் ஒருவகை இல்லங்களுக்கு, நிபந்தனைகளோடு 0.9 ஆள் போதும் என்று 2024-இல் தளர்த்தினார்கள். "அந்த 0.1 யாரு தலையில விழும் மேடம்?" என்று வகுப்பில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. சென்சார் அலறும், ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியது ஆள்தானே. அதனால் இன்டர்வியூவில் 'உங்களிடம் என்ன ரோபோ இருக்கிறது' என்று கேட்காதீர்கள், 'ராத்திரி டியூட்டியில் ஒரு ஊழியருக்கு எத்தனை முதியவர்கள்' என்று கேளுங்கள் என ஜப்பானிய மொழியிலேயே பழக்கிவிடுகிறேன்.