பொய் சொல்லச் சொன்ன பேராயர்

அன்புள்ள ஐயா,
இரண்டாம் உலகப்போரில் யூதர்களுக்குப் போலி ஞானஸ்நானச் சான்றிதழ் கொடுத்துக் காப்பாற்றிய பாதிரியார்களைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் சொன்னேன். “சாமியார் பொய் சொல்லலாமா சார்?” என்றான் ஒரு பையன். பிறகு பார்க்கலாம் என்று உட்கார வைத்துவிட்டேன். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) யூதப் படுகொலையை ஏன் வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை?
எஸ்.

அன்புள்ள எஸ்.,
திருத்தந்தையை விடுங்கள். அவரைத் தொட்டால் வேறு யாரையும் பேச முடியாது. பதில் தெரியாமல் நின்றீர்களே, அது நல்ல வாத்தியார் லட்சணம். பையனை உட்கார வைத்தது மகா தப்பு. அவன் கேட்டது என்னையும் குடைந்துகொண்டிருக்கும் விஷயம்.

பிரான்சில் கப்தனாக் அருகே ஒரு மடத்துப் பள்ளி. அதன் தலைவி டெனிஸ் பெர்கோன் 1942 குளிர்காலத்திலிருந்து யூதப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார். கடைசியில் 83 பேர். ஜெபம் தெரியாமல் விழித்தால், ‘கம்யூனிஸ்ட் வீட்டுப் பிள்ளைகள், கோயில் பக்கமே போகாதவர்கள்’ என்று சமாளிப்பு. ஆபத்தென்றால் சில சிறுவர்கள் சிற்றாலயத் தரைக்கடியில், நிமிர்ந்து நிற்க முடியாத குழிக்குள். மடத்துச் சகோதரிகள் பலருக்கே உண்மை தெரியாது. தினம் தினம் பொய். மனசு உறுத்தி, துலூஸ் பேராயர் சாலியேஜுக்கு எழுதிக் கேட்டார் அந்த அம்மா. பொய் சொல்லுவோம் மகளே, உயிர்கள் பிழைக்குமென்றால் பொய்யே சொல்லுவோம் என்று பதில் வந்தது.

இத்தோடு பாடத்தை முடித்துவிடுவீர்கள், தெரியும். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணிவைக்கிற ஊர் நம்முடையது; பேராயரே சொல்லிவிட்டால் கேட்கவா வேண்டும்! சொன்னது யார் என்று பார்க்க வேண்டாமா? பக்கவாதத்தில் நாக்குக் குழறிப்போன மனுஷன். யூதர்களை நாடுகடத்தும் ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தபோது, 1942 ஆகஸ்ட் 23 ஞாயிறன்று, அவர் எழுதிய ஒரு பக்கத்துக்கும் குறைவான மடல் மறைமாவட்டக் கோயில்களில் வாசிக்கப்பட்டது. ஜெர்மனிக்குப் பணிந்த பிரெஞ்சு அரசு தடுத்துப் பார்த்தது. பல பங்குகளில் அப்படியும் வாசித்தார்கள். அந்த மறைமாவட்டத்திலேயே யூதர்களை அடைத்துவைத்த நோயே (Noé), ரெசெபெதூ முகாம்களின் கொடுமையை ஊர்ப் பெயரோடு எழுதியிருந்தார். யூதர்கள் நம் சகோதரர்கள் என்றார். 1944 ஜூனில் ஜெர்மானியர் கைதுசெய்ய வந்து, உடல்நிலையைப் பார்த்து விட்டுப்போனார்கள்.

ஊரறிய உண்மையைச் சொன்னவர்தான் மடத்துக்குள் பொய் சொல்ல அனுமதி கொடுத்தார். வாயே திறக்காமல் சான்றிதழ் மட்டும் எழுதித் தந்த சாமியார்களையும் கும்பிடுகிறேன். அவர்களாலும் உயிர்கள் பிழைத்தன. ஆனால் அந்த அம்மாவின் உறுத்தலைத் தீர்க்கும் தகுதி சாலியேஜுக்கு இருந்தது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன், சலித்தாலும் கேளுங்கள்.

அடுத்த ஞாயிறு அந்தப் பையனை எழுப்பி இரண்டு கடிதங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதலில் ஆகஸ்ட் மடல், அப்புறம் மடத்துக்கு வந்த பதில். வரிசை மாறினால் அவன் வீட்டுப்பாடம் எழுதாததற்கு அதையே காரணமாகச் சொல்வான்.