பிள்ளை பாத்துக்குற வேலைக்குப் படிப்பு எத்தனை மாசம்? திருச்சி அப்பா ஒருத்தருக்குப் பதில்

போன வாரம் திருச்சியிலேர்ந்து ஒரு அப்பா வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். அவர் பேசப்பேச பின்னாடி அம்மா எடுத்துக்கொடுக்குறதும் கேக்குது. பொண்ணு எம்.சி.ஏ. படிச்சவங்க, கல்யாணம் ஆகி லண்டன் போனாங்க, இப்போ இல்ஃபோர்டுல வீட்டுலயே மூணு வருஷமா சைல்டுமைண்டரா, அதாவது அடுத்தவங்க பிள்ளைங்களைக் காசுக்குப் பாத்துக்குறவங்களா இருக்காங்க, போன வருஷம் ஐ.எல்.ஆரும், அதாவது அங்கேயே நிரந்தரமா தங்குற அனுமதியும் வந்தாச்சு. சொந்தக்காரங்க யாராவது "பொண்ணு லண்டன்ல என்ன பண்ணுது"ன்னு கேட்டா வீட்டுல பதில் சொல்லக் கூச்சமா இருக்காம். பெங்களூர்ல இருக்குற அத்தை பையன் வேற "மாமா, டேட்டா சயின்ஸ் மாஸ்டர்ஸ் சேத்துவிடுங்க, ஒரே வருஷம், லைஃப் செட்டில்"னு சொல்லிட்டான். திருவெறும்பூர் பக்கம் இருக்குற மனைய வித்து ஃபீஸ் கட்டவும் அப்பா ரெடி. பொண்ணு மட்டும் "எனக்கு அது வேணாம்பா, சைல்டுகேர்லயே லெவல் 3 பண்றேன்"னு ஒத்தக்கால்ல நிக்குது. அந்த லெவல் 3, அதாவது நம்ம ப்ளஸ் டூ அளவுக்குச் சமமான படிப்பு, எத்தனை மாசம், அதனால பிரயோஜனம் உண்டான்னு கேட்டிருந்தார்.

சார், உங்க பயம் புரியுது, கஷ்டப்பட்டு எம்.சி.ஏ. வரைக்கும் படிக்க வச்ச அப்பாவுக்கு இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். ஆனா ஆறுதல் சொல்றதோட நிறுத்திக்கிட்டா நான் உங்களுக்கு நல்லது பண்ணதா ஆகாது. மனைய விக்காதீங்க. லண்டன்ல அந்த மாஸ்டர்ஸ் பல இடத்துல பதினஞ்சாயிரம் பவுண்டைத் தொடும், அதுக்கு மேல அந்த ஒரு வருஷம் உங்க பொண்ணு இப்போ சம்பாதிக்கிறதும் நின்னுபோகும், மூணு வருஷமா நம்பிப் பிள்ளையை விட்டுட்டுப் போற குடும்பங்களும் வேற இடம் பாத்துப் போயிடும். கோடிங்கைத் தொட்டு இத்தனை வருஷம் ஆன ஒருத்தங்க, தனக்குப் பிடிக்காத படிப்பை முடிச்சிட்டு, அன்னைக்குத்தான் காலேஜ் விட்டு வந்த பசங்களோட வரிசைல நின்னு வேலை தேடணும். இதை லைஃப் செட்டில்னு சொல்ற அத்தை பையன் அந்த ஃபீஸ்ல ஒரு பவுண்டாவது போடுவாரான்னு கேட்டுப் பாருங்க.

அங்க இந்த வேலை என்னன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க, ஏன்னா நீங்க மனசுல வச்சிருக்குறது வேற. இங்கிலாந்துல எட்டு வயசுக்குக் கீழ உள்ள அடுத்தவங்க பிள்ளையை ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல காசு வாங்கிட்டு தன் வீட்டுல பாத்துக்கணும்னா பதிவு பண்ணியே ஆகணும், நேரா ஆஃப்ஸ்டெட்னு சொல்ற அரசு கண்காணிப்பு ஆஃபீஸ்ல பண்ணலாம், இல்ல ஒரு சைல்டுமைண்டர் ஏஜென்சி வழியா பண்ணலாம். உங்க பொண்ணு ஆஃப்ஸ்டெட்ல பண்ணியிருக்காங்க, அதே ஆஃபீஸ்தான் அங்க ஸ்கூலுங்களையும் இன்ஸ்பெக்ஷன் பண்ணுது. பதிவுக்கு முன்னாடி போலீஸ் ரெக்கார்டு செக், அதுவும் வீட்டுல இருக்குற 16 வயசுக்கு மேல உள்ள எல்லாருக்கும், உங்க மாப்பிள்ளைக்கும் சேத்துத்தான். குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி முழுசா 12 மணி நேரம், மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். தனியா பாக்குறவங்க ஒரே நேரத்துல எட்டு வயசுக்குட்பட்ட 6 பேர்தான் வச்சுக்கலாம், அதுல ஏறக்குறைய 5 வயசு வரைக்கும் உள்ள சின்னப் பிள்ளைங்க பொதுவா 3 பேர், அந்த மூணுல ஒரு வயசுக்குக் கீழ உள்ள கைக்குழந்தை 1, சொந்தப் பிள்ளையும் இந்தக் கணக்குல சேரும். இதெல்லாம் தாண்டித்தான் உங்க பொண்ணு மூணு வருஷமா இதை நடத்துறாங்க.

சரி, எத்தனை மாசம். லெவல் 3 ஏர்லி இயர்ஸ் (பிறந்ததுலேர்ந்து 5 வயசு வரைக்கும்) எஜுகேட்டர்னு சொல்ற டிப்ளமோ, வேலை பாத்துக்கிட்டே பண்றவங்களுக்குப் பெரும்பாலும் 12லேர்ந்து 18 மாசம், இழுத்தா ரெண்டு வருஷம். ஏன் இப்படின்னா, அங்க டிப்ளமோன்னு பேர் வைக்கிற படிப்புக்குப் பொதுவா குறைஞ்சது 370 மணி நேரப் படிப்பு இருக்கணும். காலைல ஏழரைக்குக் கதவைத் திறந்து சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைசிப் பிள்ளையை அனுப்பிட்டு, தன் பிள்ளைக்குச் சோறு போட்டு, பாத்திரம் கழுவிட்டு உக்காந்தா வாரத்துக்கு 5 மணி நேரம் கிடைச்சாலே பெருசு. 370ஐ 5ஆல வகுத்தா 74 வாரம், ஏறக்குறைய 17 மாசம். அந்த 370ல ஒரு பங்கு பகல்ல வேலை பாக்கும்போதே முடிஞ்சிடும், அதனாலதான் சிலர் ஒரு வருஷத்துல முடிக்கிறாங்க. ஆறு வாரத்துல லெவல் 3ன்னு ஆன்லைன்ல ஆஃபர் வந்தா அந்தப் பக்கமே தலைவைக்காதீங்க, சர்டிஃபிகேட் அழகா பிரிண்ட் ஆகி வரும், நர்சரில கொண்டுபோய் நீட்டினா செல்லாது. இங்கிலாந்து அரசோட வெப்சைட்ல ஏர்லி இயர்ஸ் படிப்புகளைச் செக் பண்ற ஒரு பக்கமே இருக்கு, படிப்போட முழுப் பேர், கொடுக்குற போர்டு, வருஷம் போட்டா லெவல் 3ஆ கணக்குல எடுத்துக்குவாங்களா இல்லையான்னு வந்துடும். ஒரு பவுண்டு கட்றதுக்கு முன்னாடி அதைப் பாத்துடணும்.

லெவல் 2வை முதல்ல முடிக்கணுமான்னு அம்மா கேட்டாங்க. மூணு வருஷ அனுபவம் இருக்கு, தேவையில்ல.

இப்போ யாரும் உங்களுக்குச் சொல்லாத விஷயத்துக்கு வரேன். இந்தப் படிப்புக்கு உங்க பொண்ணு வேலையை விட வேண்டியதில்ல, அவங்க வீடுதான் வொர்க்பிளேஸ், அங்கேயே வச்சு அசெஸ் பண்ணுவாங்க. அசெஸ்ஸர்னு ஒருத்தர் சில மாசத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவார், இல்லன்னா வீடியோல பாப்பார். அவர் வர்ற அன்னைக்குத் தனியா எதுவும் நடிச்சுக் காட்ட வேணாம், வழக்கமா என்ன பண்றாங்களோ அதைத்தான் பாப்பார். டயப்பர் மாத்தும்போது கை எப்படிக் கழுவுறாங்க, திராட்சையை முழுசா கொடுக்காம நீளவாக்குல நாலா வெட்டிக் கொடுக்குறாங்களா, பிள்ளை அடம்பிடிச்சா குரலை உசத்தாம எப்படி சமாளிக்கிறாங்க, இதெல்லாம்தான் அங்க மார்க்.

மிச்சம் எழுத்து வேலை. உதாரணத்துக்கு ஒண்ணு சொல்றேன். ரெண்டு வயசுப் பையன் ஒருத்தன் வந்ததும் வராததுமா டப்பா மூடியெல்லாம் எடுத்துப் பெருசுலேர்ந்து சின்னதுன்னு வரிசையா அடுக்குறான், நடுவுல ஒண்ணை நீங்க எடுத்தா கத்துறான். நம்ம வீட்டுல இதைப் பிடிவாதம்னு சொல்லிட்டுப் போயிடுவோம். இவங்க என்ன பண்ணணும்னா, பத்து நிமிஷம் தள்ளி உக்காந்து அவன் என்ன பண்ணான், என்ன சொன்னான், யாரைப் பாத்தான்னு அப்படியே எழுதணும், நம்ம அபிப்பிராயத்தை அதுல கலக்கக்கூடாது. அப்புறம் இதுலேர்ந்து அவனோட கணக்கு அறிவைப் பத்தி, பேச்சைப் பத்தி என்ன தெரியுது, நாளைக்கு அவனுக்கு என்ன விளையாட்டு வச்சா அடுத்த படிக்குப் போவான், இது எந்த வளர்ச்சித் தியரியோட ஒத்துப்போகுதுன்னு ரெண்டு பக்கம். அப்பா அம்மாகிட்ட சம்மதம் வாங்கி, பிள்ளை பேரை எடுத்துட்டு, இதையெல்லாம் சேத்து வைக்கிற போர்ட்ஃபோலியோங்கிற ஃபைல்ல ஏத்தணும். எம்.சி.ஏ.ல ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதின கைக்கு இது பழகிடும், ஆனா லேசான படிப்புன்னு மட்டும் நினைச்சுடாதீங்க.

எங்க இழுக்கும்னும் சொல்லிடுறேன். பிறந்ததுலேர்ந்து 5 வயசு வரைக்கும் எல்லா வயசையும் பத்தி தெரியும்னு காட்டணும், அந்த நேரம் பாத்து இவங்ககிட்ட கைக்குழந்தை யாரும் இல்லன்னா அந்த யூனிட் அப்படியே தொங்கும். ஆகஸ்ட்ல பாதிக் குடும்பம் லீவுல போயிடும், மேல சொன்ன மாதிரி பாத்து எழுதுற அப்சர்வேஷனுக்குப் பிள்ளை இருக்காது. வீட்டுல தனியா வேலை பாக்குறதால இவங்க வேலையைப் பாத்து சாட்சி எழுத சீனியர்னு ஒருத்தர் கூட இருக்க மாட்டாங்க, அதனால சில காலேஜ்ல கொஞ்ச நாள் ஒரு நர்சரிலயும் போய் இருக்கணும்னு சொல்லுவாங்க. அப்புறம் இங்கிலீஷ். நாளைக்கு நர்சரில லெவல் 3ன்னு கணக்குல எடுக்க, லெவல் 2, அதாவது பத்தாவது அளவு இங்கிலீஷும் கைல இருக்கணும். நம்ம ஊரு பத்தாவது மார்க்ஷீட்டை வச்சுக்கிட்டு ஈக்விவலன்ஸ்னு மல்லுக்கட்டுறதைவிட ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் இங்கிலீஷ்னு அங்க இருக்குற பரீட்சையை முதல் டெர்ம்லயே எழுதி முடிச்சிடச் சொல்லுங்க, எம்.சி.ஏ. படிச்சவங்களுக்கு அது ஒரு விஷயமே இல்ல.

காசு விஷயத்துல நான் கறாரா இருப்பேன். ஐ.எல்.ஆர். இருக்கு, மூணு வருஷத்துக்கு மேல அங்கேயே குடியிருக்காங்க, அதனால 19 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கான அட்வான்ஸ்டு லேர்னர் லோனுக்கு அப்ளை பண்ணலாம். அதுக்கு சம்பளம் பாக்க மாட்டாங்க, கிரெடிட் ஸ்கோர் பாக்க மாட்டாங்க, வருமானம் ஒரு அளவைத் தாண்டினாத்தான் திருப்பிக் கட்டணும், ஆனா வட்டி உண்டு, அதை மறந்துடக்கூடாது. லோனுக்கு முன்னாடி இன்னொண்ணு கேளுங்க, வருமானம் கம்மியா இருக்குறவங்களுக்கு, ஏற்கனவே டிகிரி இருந்தாலும், சில லெவல் 3 படிப்பு இலவசமாவே கிடைக்குது, சைல்டுகேர் அந்த லிஸ்ட்ல வர்ற படிப்புதான். சுயதொழில் பண்றவங்க செலவு போக நிக்கிற வருமானத்தைச் சொல்லணும், நிறைய பேர் வந்த காசு மொத்தத்தையும் சொல்லிட்டு வாய்ப்பை விட்டுடுறாங்க. இதுக்கு மேலயும் உங்க பாக்கெட்லேர்ந்து போகணும்னா ஏதோ தப்பான இடத்துல சேந்திருக்காங்கன்னு அர்த்தம்.

பிரயோஜனம் என்னன்னு கேட்டீங்க. உண்மையச் சொன்னா வீட்டுல இந்த வேலைய நடத்த லெவல் 3 கட்டாயமே இல்ல, அதனால அது இல்லாம பொழப்பு நின்னுடும்னு யாராவது பயமுறுத்தினா நம்பாதீங்க. அது வேற கதவுங்களுக்கு. நர்சரி மேனேஜர் ஆகணும்னா லெவல் 3 இல்லாம முடியாது, ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள ரூம்ல ஒருத்தராவது லெவல் 3 இருந்தே ஆகணும்னு சட்டம், அதனால அந்தச் சர்டிஃபிகேட் உள்ளவங்களுக்கு எப்பவும் தேவை இருக்கு. அதோட, நீங்க வீணாப்போச்சுன்னு அழுற அந்த எம்.சி.ஏ. இங்கதான் உதவும். ஏர்லி இயர்ஸ் டீச்சர் ஆகுறதுக்கு அங்க ஒரு வருஷப் பயிற்சி இருக்கு, அதுக்கு ஏதாவது ஒரு பாடத்துல டிகிரியும், இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸ் மூணுலயும் பத்தாவது அளவுக்குச் சமமான தேர்ச்சியும் கேப்பாங்க. அந்த டீச்சர் ஒருத்தர் ரூம்ல இருந்தா 3 வயசுக்கு மேல உள்ள பிள்ளைங்க 13 பேருக்கு ஒருத்தர்னு கணக்கு, லெவல் 3 மட்டும்னா 8 பேருக்கு ஒருத்தர், நர்சரி நடத்துறவங்க ஏன் அவங்களைத் தேடுறாங்கன்னு இப்போ புரியும். ஆனா இதைக் கேட்ட உடனே பொண்ணுக்கு ஃபோன் போட்டு அதுல சேரச் சொல்லாதீங்க. முதல்ல லெவல் 3, அப்புறம் அவங்க இஷ்டம்.

மூணு வருஷமா ஒரு வேலையைச் செஞ்சு, அதுலயே மேல படிக்கிறேன்னு தானா வந்து நிக்கிற பொண்ணுக்குப் போய் உனக்கு எது பிடிக்கும்னு நாம டெஸ்ட் வைக்கத் தேவையில்ல சார். உங்ககிட்டேர்ந்து ஒரே ஒரு உதவிதான் வேணும், மாப்பிள்ளைகிட்ட பேசி வாரத்துல ரெண்டு ராத்திரியும் சனிக்கிழமை காலைலயும் அவங்க பிள்ளையை அவரைப் பாத்துக்கச் சொல்லுங்க, இது இல்லாமத்தான் 15 மாசம் ரெண்டு வருஷமா ஆகுது.

காலேஜுக்கு பொண்ணு அனுப்ப வேண்டிய மெயில்ல நாலு கேள்வி இருக்கணும். சைல்டுமைண்டரா என் சொந்த வீட்டுலயே அசெஸ்மென்ட் நடக்குமா, நர்சரில போய் இருக்கணும்னா எத்தனை மணி நேரம், அசெஸ்ஸர் நடுவுல மாறினா என் போர்ட்ஃபோலியோ என்ன ஆகும், 18 மாசத்தைத் தாண்டினா கூடுதல் ஃபீஸ் உண்டா. ஃபோன்ல கேட்டு சரின்னு சொன்னா போதாது, எழுத்துல பதில் வரணும். வந்ததும் எனக்கு ஃபார்வர்டு பண்ணச் சொல்லுங்க, பாத்துட்டு எதுல சேரலாம்னு சொல்றேன்.