லால்பாக் பூ கண்காட்சிக்கு 26ஆம் தேதியே போகணுமா?

கீழக்கரையிலேர்ந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: ஜனவரி லீவுல பெங்களூர் போறோம், லால்பாக் பூ கண்காட்சிய 26ஆம் தேதியே பாத்துரலாமா, உம்மாவுக்கு முட்டிவலி வேற, வரும்போது அங்கேர்ந்து செடி வாங்கிட்டு வந்தா நம்மூர்ல பொழைக்குமான்னு.

26 வேணாம்மா. குடியரசு தினத்தை ஒட்டி அது பல நாள் நடக்கும், அன்னைக்கும் சனி ஞாயிறும் கூட்டம் நெரிக்கும், அதுல உம்மாவ நிக்க வைக்காதீங்க, நடுவுல ஒரு வேலை நாளா பாத்து காலைலயே போயிருங்க. மெட்ரோ பச்சை லைன்ல லால்பாக் ஸ்டேஷனே இருக்கு. நம்ம கடக்கர ஆளுங்களுக்கு அந்த ஊரு ஜனவரி குளிரு தாங்காது, உம்மாவுக்கு ஸ்வெட்டர் கண்டிப்பா எடுத்துக்கங்க.

மொத்தம் 240 ஏக்கர், ஹைதர் அலி 1760ல ஆரம்பிச்ச தோட்டம், ஒரே நாள்ல முழுசா சுத்த நினைக்காதீங்க. பூ அலங்காரமெல்லாம் 1889ல கட்டுன கண்ணாடி மாளிகைக்குள்ள இருக்கும், அத ஒரு ரவுண்டு பாத்துட்டு மிச்ச நேரத்தை மரங்களுக்குக் குடுங்க, எனக்கு லால்பாக்னா மரந்தான். அங்க ஒரு பழைய இலவ மரம் இருக்கு, அடி வேரெல்லாம் பலகை பலகையா மடிஞ்சு செவரு மாதிரி எந்திரிச்சு நிக்கும், பிள்ளைங்க அதுக்குப் பக்கத்துல நின்னா சின்னதா தெரிவாங்க. நம்ம ராமநாதபுரம் பக்கம் அரபு வியாபாரிங்க கொண்டாந்ததா சொல்ற பொந்தன்புளி மரம் இருக்குல்ல, அதுவும் இதுவும் ஒரே குடும்பம், பிள்ளைங்ககிட்ட இத சொல்லிக் காட்டுங்க.

தோட்டத்துக்குள்ளயே கெம்பேகவுடா கோபுரம் நிக்கிற பாறை சுமார் 300 கோடி வருஷப் பழசு, குனிஞ்சு பாத்தா கருப்பும் வெள்ளையுமா வரி ஓடுறது தெரியும். ஏத்தம், நெழலும் கெடையாது, அதனால உம்மா கீழயே மரத்தடியில உக்காரட்டும், நீங்க வெயிலுக்கு முன்னாடி ஏறி எறங்கிருங்க.

செடி விசயத்துல ஆசைப்பட்டு டேலியா, அந்த ஊரு ரோஜான்னு அள்ளிட்டு வராதீங்க. அந்தக் குளிருக்கு வளந்தது, கீழக்கரை மணல்லயும் உப்புத் தண்ணியிலயும் எலை ஓரம் கருகி ஒண்ணொண்ணா போயிரும், அத பாக்கவே மனசு கேக்காது. வாங்கியே ஆகணும்னா காகிதப்பூ எடுங்க, உப்புக்காத்துக்கு அசராது. அரளியும் தாங்கும், ஆனா அது விஷம், ஆடும் சின்னப் பிள்ளைங்களும் போற எடத்துல வைக்காதீங்க. நெழலுக்குன்னா பூவரசோ புன்னையோ நம்மூர்லயே கன்னு வாங்கி வைங்க.